ஒரு நாள் சரக்கு: வட ஆற்காட்டுக் கள்ளுக்கடைக் கணக்கு

பழைய பார் என்று பேச்செடுத்தால் நம் பக்கத்து, அதாவது வேலூரைச் சுற்றிய பழைய வட ஆற்காடு மாவட்டத்து, ஆட்களுக்குப் பாண்டிச்சேரிதான் ஞாபகம் வரும். கடல் காற்று, உயரமான கூரை, பிரெஞ்சில் எழுதிய பழைய பலகை. வேலூரிலிருந்து ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் என்று பஸ் மாறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம ஊர்ல இப்படிச் சரித்திரம் உள்ள கடை ஒண்ணுகூட இல்லப்பா" என்று அலுத்துக்கொள்வார்கள். இருந்தது. ஊருக்கு ஊர் கள்ளுக்கடை இருந்தது. ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஓலைக் கொட்டகை, நாலைந்து பானை, அளந்து ஊற்ற ஒரு மொந்தை. சுவர் வைத்துக் கட்டாததால் இடிந்த சுவர்கூட மிச்சமில்லை.

ஏன் சுவர் வைத்துக் கட்டவில்லை என்றால், விற்ற சரக்கு அப்படி. சாராயமும் பிராந்தியும் வருஷக்கணக்கில் கெடாமல் கிடக்கும். கள் அப்படியில்லை. இன்று காலை இறக்கியது நாளைக் காலையில் காடி. கடை எங்கே இருக்க வேண்டும், அதற்கு எத்தனை மரம் வேண்டும், ஏலம் எடுத்தவன் எதில் நஷ்டப்படுவான், எதைக் கலப்பான், கடைசியில் சட்டம் எந்த இடத்தில் கோடு போட்டது எல்லாமே இந்த ஒரு நாள் ஆயுசிலிருந்து வந்தவை. அதை விட்டுவிட்டுக் கள்ளுக்கடையைப் பற்றிப் பேசினால் வெறும் போதைக் கதையாகத்தான் முடியும்.

மரத்திலிருந்து ஆரம்பிப்போம். நம் பக்கத்தில் கள் மூன்று மரத்திலிருந்து வந்தது: பனை, ஈச்சை, தென்னை. பனை தை, மாசியில் பாளை விட்டு ஆனி, ஆடி வரை ஊறும். அது ஓய்ந்து மழை வந்து, குளிர் தொடங்கும்போது ஈச்சை கை கொடுக்கும். கார்த்திகையிலிருந்து மாசி வரை அதன் காலம். பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் நின்ற தென்னை வருஷம் முழுக்க ஊறும். ஒன்று விட்ட இடத்தில் இன்னொன்று பிடித்துக்கொண்டதால்தான், சேமித்து வைக்கவே முடியாத ஒரு பொருளை வைத்து ஒரு கடை வருஷம் பூராவும் திறந்திருக்க முடிந்தது. பனை மட்டுமோ ஈச்சை மட்டுமோ உள்ள ஊரில் கள்ளுக்கடை சில மாதக் கடைதான்.

ஈச்சமரத்தில் பாளையைத் தொடுவதில்லை, தண்டையே சீவுவார்கள். குருத்துக்குக் கீழே ஒரு பக்கத்து மட்டைகளைக் கழித்து, பட்டையைச் சீவி, ஆப்பு வடிவில் ஒரு வெட்டு. வெட்டின் கீழ்முனையில் மூங்கில் சிம்பைச் செருகி, அதன் வழியாகக் கலயத்தில் சொட்ட விடுவது. தினமும் சீவினால் மரம் தாங்காது. இரண்டு மூன்று நாள் இறக்கி, சில நாள் விட்டுவிட வேண்டும். அடுத்த வருஷம் எதிர்ப்பக்கம். அதனால்தான் பழைய ஈச்சமரத்தின் உடம்பு பாம்பு நெளிந்த மாதிரி இடம் வலமாகப் படிபடியாக இருக்கும். அந்தப் படிகளை எண்ணினால் எத்தனை வருஷம் இறக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். வெட்டு ஆழமாகிக் குருத்து வரை போய்விட்டால் மரம் செத்தது. ஏரிக்கரைகளில் தலையில்லாமல் நிற்கும் சில ஈச்சைகளின் கதை இதுதான்.

பனைதான் மெனக்கெட வைக்கும் மரம். நட்டு 15, 20 வருஷம் கழித்துத்தான் பாளை விடும். அதுவரை ஆணா பெண்ணா என்றே தெரியாது. ஆண் பனையின் பாளை விரல் விரலாக நீண்டிருக்கும்; பெண் பனையில் சின்னச் சின்னப் பிஞ்சோடு வரும். இரண்டிலும் கள் இறக்கலாம். பெண் பனையில் இறக்கினால் அந்தக் குலையின் நுங்கு போயிற்று, அவ்வளவுதான்.

முதல் வேலை மரத்தைச் சுத்தம் செய்வது. காய்ந்த ஓலை, மட்டை அடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடை, இரண்டு ஓரமும் ரம்பப் பல்லாக இருக்கும் கருக்குமட்டை எல்லாவற்றையும் கழித்து, மேலே கால் வைத்து உட்கார இடம் செய்துகொள்ள வேண்டும். அப்புறம் பாளையை மூடியிருக்கும் உறையை உரித்து, இடுக்கியால் நசுக்குவது. இடுக்கி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு மரக்கட்டை. ஆண் பாளைக்கு ஒரு மாதிரி, பெண் பாளைக்குப் பெரிதாக இன்னொரு மாதிரி. அடியிலிருந்து நுனி வரை சீராக, மூன்று நான்கு நாள் தொடர்ந்து நசுக்க வேண்டும். இந்தத் தொழிலில் கைப்பக்குவம் என்பது இங்கேதான். அழுத்தம் கூடினால் உள்ளே சதை நசுங்கிக் கறுத்து, பாளை அழுகிப்போகும். குறைந்தால் ஊற்றுக்கண் திறக்காது. சீவிச் சீவிப் பார்த்தாலும் பாளை வறண்டே கிடக்கும். பிறகு ஆண் பாளையின் விரல்களைச் சேர்த்து நாரால் கட்டி, நுனியை மெல்லச் சீவிவிட வேண்டும். முதல் சொட்டு வர ஒரு வாரம் ஆகலாம். அந்த வாரம் முழுக்கத் தினமும் ஏறி இறங்குவது சும்மா வேலை. அனுபவமில்லாதவர்கள் பாதியில் விடுவது அப்போதுதான்.

சொட்ட ஆரம்பித்ததும் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை சீவல். சீவல் ஓலைக் கனம்தான் இருக்க வேண்டும். தடியாகச் சீவினால் அன்றைக்கு இரண்டு சொட்டு கூட வரும். ஆனால் பருவம் முழுக்க ஊறவேண்டிய பாளை மாதத்திலேயே தீர்ந்துபோகும். மொண்ணை அரிவாளால் சீவினால் நார் பிய்ந்து துளை அடைபடும். அதனால்தான் பாளை அரிவாளை வேறு எதற்கும் தொடமாட்டார்கள். தீட்டுக்கட்டையில் வெண்கல் பொடி போட்டுத் தினமும் தீட்டுவார்கள். ஒரு நாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊற்று நின்றுவிடும். கல்யாணம், சாவு, காய்ச்சல் எதுவானாலும் யாராவது ஒருவர் ஏறியே ஆக வேண்டும். கள்ளுக்கு ஒரு நாள் ஆயுசு என்றால் பாளைக்கு அரை நாள்.

நல்ல பனை நாளைக்கு 2 முதல் 4 லிட்டர் வரை தரும். ஓர் ஆள் 30 மரம் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையும் மாலையும் ஏறினால் 60 ஏற்றம். மரம் சராசரியாக 15 மீட்டர் என்றாலும் தினம் 900 மீட்டர் செங்குத்தாக ஏறி, அதே அளவு இறங்குகிறார், இடுப்பில் கலயத்தோடு. காலில் தளைக்கயிறு, மார்பில் தோல், இடுப்பில் அரிவாள்பெட்டி. மழை நாளில் மரம் வழுக்கும். விழுந்தவர்களில் பெரும்பாலோர் ஈர மரத்தில் விழுந்தவர்கள். மழை பெய்த அன்று கலயத்தில் தண்ணீரும் சேர்ந்துவிடுவதால் சரக்கும் பயனில்லை. ஆனால் ஏறாமலும் இருக்க முடியாது, சீவ வேண்டுமே.

மேலே கலயத்துக்கு எதிரிகள் உண்டு. தேனீயும் எறும்பும் விழுந்து மிதக்கும், அதை வடிகட்டிவிடலாம். மரநாய் வந்தால் கலயத்தையே காலி செய்துவிடும். ராத்திரி முழுக்கச் சொட்டியது விடிவதற்குள் அதன் வயிற்றில் இருக்கும். கலயத்தின் வாயில் பன்னாடையை வைத்துக் கட்டுவது இதற்காகத்தான்.

இப்போது கலயத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். பாளையிலிருந்து சொட்டும் சாறு தெளிந்த நீராக இருக்கும். 100 மில்லியில் சுமார் 12 கிராம் சர்க்கரை. பீருக்கு ஈஸ்ட் போடுவது மாதிரி இதற்கு யாரும் எதுவும் போட வேண்டாம். நேற்றுக் கள் இருந்த கலயத்தின் மண் துளைகளிலேயே ஈஸ்ட் தங்கியிருக்கும். அதனால் சொட்டும்போதே பொங்கத் தொடங்கிவிடும். ஈஸ்ட் பெருகப் பெருகச் சாறு வெளுத்துப் பால் கலந்த மாதிரி ஆகும். வெண்மை என்பது அந்தக் கிருமிக் கூட்டம்தான். சில மணி நேரத்தில் சாராயச் சத்து (ஆல்கஹால்) ஏறி 4 முதல் 6 சதவீதம் வரை வரும். கூடவே புளிப்பு. ஒரு நாள் தாண்டினால் அசிட்டிக் அமிலம் செய்யும் பாக்டீரியா கை ஓங்கி, சாராயச் சத்தைத் தின்று காடியாக்கிவிடும்.

குடிக்கிறவர்கள் காலைக் கள், மாலைக் கள் என்று பிரித்துச் சொன்னதற்கு இதுதான் காரணம். ராத்திரிக் குளிர்ச்சியில் சொட்டிய காலைக் கள் இனிப்பு, இளசு. பகல் வெயிலில் மரத்திலேயே காய்ந்த மாலைக் கள் புளிப்பு, கடுப்பு. வேலூர் வெயிலைச் சொல்லவே வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மூன்று மணிக்கு இறக்கியதை ஆறு மணிக்குள் விற்றாக வேண்டும். இன்னொன்று, பொங்கும் கள் விடாமல் வாயு விடும். மூடியை இறுக்கி அடைத்தால் பாட்டில் வெடிக்கும். கள்ளைப் பாட்டிலில் அடைத்து வெளியூருக்கு அனுப்பும் வியாபாரம் அந்தக் காலத்தில் வளராததற்குச் சட்டம் காரணமில்லை, இந்த வாயுதான் காரணம்.

ஆக, கடை மரத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. காவடியில் இரண்டு பானை தொங்கவிட்டு ஓர் ஆள் வெயில் ஏறுவதற்குள் நடந்து சேரும் தூரம்தான் கடையின் எல்லை. தோப்புக்கும் ஊருக்கும் நடுவில், ஊருக்குச் சற்று வெளியே, நிழலான இடம். வேலூர், ஆற்காடு, வாலாஜா மாதிரி டவுன் கடைகளுக்கு மாட்டுவண்டியில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும். அதனால் டவுன் கள் எப்போதும் ஒரு பிடி புளிப்பு. கிராமத்து ஆள் டவுன் கள்ளைக் கிண்டல் செய்தால் அது வெறும் ஊர்ப் பெருமை இல்லை.

கடையில் பெரிதாக ஒன்றும் இருக்காது. குந்தி உட்கார மணல். குடிக்க மொந்தை அல்லது ஓலைப் பட்டை. இளம் பனையோலையை மடித்து இரு முனையையும் சேர்த்துக் கட்டினால் பட்டை; குடித்ததும் தூக்கி எறியலாம். சுத்தம் என்று சொல்லிக்கொள்வார்கள், உண்மைதான். யார் வாய் வைத்த மொந்தையை யார் தொடுவது என்ற சாதிக் கணக்குக்கும் அது வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொட்டுக்கொள்ள சுண்டல், அவித்த மொச்சை, கருவாடு, ஆட்டுக் குடல் போட்டி, வயல் நண்டு. முதல் மழை பெய்த வாரத்தில் வறுத்த ஈசல். எல்லாவற்றிலும் உப்பும் மிளகாயும் கூடவே இருக்கும். இனிப்பும் புளிப்புமான கள்ளுக்கு அந்தக் காரம் வேண்டும். விற்கிறவனுக்கும் வேண்டும், தாகம் எடுத்தால்தானே அடுத்த மொந்தை.

கள்ளுக்குக் குடிக்கிறவர்கள் மட்டுமே கிராக்கி இல்லை. கடையில் ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் ஆப்ப மாவு புளிக்க ஓர் ஆழாக்குக் கள் ஊற்றுவது வீட்டுப் பழக்கம். ரொட்டிக் கடைக்காரர்களும் மாவு பொங்க இதையே வாங்கினார்கள். கள் ஊற்றிய ஆப்பத்தின் ஓரம் முறுகிய வாசனை சோடா உப்பில் வராது.

இனிப் பணம். 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம், அதாவது மது வரிச் சட்டம்தான் இந்த வியாபாரத்துக்கு உருவம் கொடுத்தது. இரண்டு இடத்தில் வசூல். இறக்கும் மரத்துக்கு மரவரி. வரி கட்டிய மரத்துக்கு அடையாளம் போட்டு எண் கொடுப்பார்கள், எண் இல்லாத மரத்தில் கலயம் தொங்கினால் குற்றம். இரண்டாவது, கடை நடத்தும் உரிமைக்கு ஏலம். மாதா மாதம் கிஸ்தி, அதாவது தவணைப் பணம். இதைக் கண்காணித்த இலாகாவே உப்பையும் பார்த்துக்கொண்டது. கடலோரத்தில் உப்பளத்தைக் காவல் காத்த அதே இலாகாவின் ஆட்கள் நம் பக்கத்தில் பனைமரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்து வட ஆற்காட்டுக்கும் கடலுக்கும் இருந்த ஒரு விசித்திரமான சம்பந்தம் இது.

ஏலத்தில் கிஸ்தி முன்கூட்டியே நிச்சயம். ஊற்று நிச்சயமில்லை. மழை தவறிய வருஷம் பனை பாதிதான் ஊறும், ஆனால் கிஸ்தி குறையாது. காலையில் நல்ல விலைக்குப் போகும் சரக்கு மாலையில் பாதி விலை, மறுநாள் தரையில் கொட்ட வேண்டியது. இந்த நெருக்கடியிலிருந்துதான் கலப்படம் வந்தது, குத்தகைக்காரனின் குணத்திலிருந்து மட்டும் இல்லை. முதலில் தண்ணீர். தண்ணீர் ஊற்றினால் இனிப்பு குறையும், அதற்குச் சாக்கரின். நுரை செத்துவிடும், அதற்கு நேற்றைய மண்டி. போதை குறையும், அதற்கு வேறு எதையாவது போட வேண்டும். தெலங்கானாவில் குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்து கலந்த கள் பிற்காலத்தில் எத்தனை பேரைச் சாய்த்தது என்பது ஊரறிந்த விஷயம்.

நல்ல கள்ளை அறிய ஆய்வுக்கூடம் வேண்டாம். கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்தால் போதும். நல்லதில் பொடி நுரை கீழிருந்து விடாமல் ஏறிக்கொண்டே இருக்கும். வெண்மை ஒரே சீராக நிற்கும். தண்ணீர் கலந்தது மேலே தெளிந்து கீழே மண்டி தங்கும். சாக்கரின் கலந்தால் விழுங்கிய பிறகும் நாக்கின் அடியில் இனிப்பு போகாமல் நிற்கும். பனை இனிப்பு உடனே புளிப்பில் கரைந்துவிடும். மூக்கில் ஏறும் காடி வாசனை வந்தால் அது நேற்றுச் சரக்கு.

கள்ளுக்கடைக்குப் பக்கத்திலேயே சாராயக்கடை இருந்தாலும் அதன் கணக்கு வேறு. ஆலையில் வடித்து, பீப்பாயில் வந்து, வைத்து விற்கும் சரக்கு. அதைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். பிரிட்டிஷார் சாராயத்தின் வலுவை 'புரூஃப்' கணக்கில் அளந்தார்கள், 57.1 சதவீதம் என்பது முழு புரூஃப். அதிலிருந்து 25 பாகை குறைத்தால், அதாவது நான்கில் மூன்று பங்கு எடுத்தால், 42.8. இன்று டாஸ்மாக் பாட்டில் லேபிளில் 42.8 என்று ஒட்டியிருப்பது அந்தப் பழைய கணக்கின் மிச்சம். 40 என்றோ 45 என்றோ முழு எண்ணாக இல்லாமல் ஏன் இப்படிப் புள்ளி வைத்து இருக்கிறது என்று யோசித்தவர்களுக்கு இது பதில்.

மதுவிலக்குக் கதையில் நம் ஊருக்கு முதலிலேயே ஓர் இடம் உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதான ராஜாஜி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை வேலூர் மத்திய சிறையில்தான் இருந்தார். பின்னால் அவரே முதலமைச்சராக வந்து, 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1938 அக்டோபரில் சித்தூர், கடப்பை. 1939 அக்டோபரில் வட ஆற்காடு. வரைபடத்தைப் பார்த்தால் இந்த நாலும் ஒன்றை ஒன்று ஒட்டியவை என்பது தெரியும். ஒரு மாவட்டத்தை மட்டும் மூடினால் எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருவார்கள் அல்லவா. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் கொண்டுவந்ததுதான் பொது விற்பனை வரி. கள்ளுக்கடை மூடியதற்கான பில்லை அன்றிலிருந்து மளிகைக் கடையில் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னால் தப்பில்லை.

போர்க் காலத்தில் தடை நிறுத்தி வைக்கப்பட்டு, 1946இல் மறுபடி தொடங்கி, 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. அப்போது பாண்டிச்சேரி இன்னும் பிரெஞ்சு மண். 1954இல் இந்தியாவோடு சேர்ந்த பிறகும் அதன் சட்டம் தனி. நம் பக்கத்துக் கடைகள் அழிந்து, அந்தக் கடலோர ஊரின் கடைகள் சரித்திரம் பெற்றதற்கு இது முக்கியமான காரணம். இங்கே தொடர்ச்சி அறுந்தது, அங்கே அறுபடவில்லை. இன்றும் பாண்டிச்சேரியில் கள்ளும் சாராயமும் உரிமம் பெற்ற கடையில் விற்கிற சரக்கு.

கடையை மூடியாயிற்று. மரம் ஏறுகிறவர்கள்? பனைவெல்லம் காய்ச்சுங்கள் என்றது அரசு. அதற்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. இங்கேதான் சட்டம் போட்ட கோட்டைக் கவனிக்க வேண்டும். அதே மரம், அதே பாளை, அதே சீவல். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், குடிப்பது சத்து. தடவாவிட்டால் கள், கேஸ். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு மாற்றிவிடுவதால் ஈஸ்ட் பெருக முடியாமல் அடங்கிக் கிடக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அதிகாரிக்கும் தொழிலாளிக்கும் தகராறு எல்லாம் கலயத்தின் உள்சுவரில்தான் நடந்தது.

நேர்மையாகச் சுண்ணாம்பு தடவினாலும் தப்பு நடக்கும். கள் இறக்கிய பழைய கலயத்தில் தடவினால் மண் துளையில் உள்ள ஈஸ்ட் ஜெயித்துவிடும். கலயத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, அப்புறம்தான் தடவ வேண்டும், அதுவும் தினமும். சுண்ணாம்பு நீர்த்துப் பழசாகிவிட்டால் வேகம் இருக்காது. வெயில் கடுமையான நாளில் வழக்கமான அளவு போதாது. அளவு கூடினால் பதநீர் மஞ்சள் பாய்ந்து, குடித்ததும் நாக்கு சொரசொரக்கும். காய்ச்சினால் வெல்லம் கறுத்து உவர்க்கும். குறைந்தால் இன்னும் மோசம். பாதி புளித்த பதநீரை எத்தனை நேரம் காய்ச்சினாலும் வெல்லம் கட்டாது. கரும்புச் சர்க்கரை வகை அதற்குள் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைந்துபோயிருக்கும். அவை இறுகாது, பாகாகவே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஒரு கிலோ வெல்லத்துக்கு 8 முதல் 10 லிட்டர் பதநீர், அதை வற்றவைக்கும் விறகு, மூன்று நான்கு மணி நேரம் கிண்டும் ஆள். கள்ளில் கிடைத்த காசு இதில் ஒருநாளும் கிடைக்கவில்லை. தொழிலை விட்டு ஆட்கள் தோல் பதனிடும் ஷெட்டுக்கும் பீடிச் சுற்றுக்கும் போனதற்குச் சோம்பல் என்று பெயர் வைக்க முடியாது.

பிறகு நடந்தது சுருக்கமாக. 1971இல் மதுவிலக்கு தள்ளிவைக்கப்பட்டுக் கடைகள் திரும்பின. 1974க்குள் கள்ளும் சாராயமும் மறுபடி மூடின. 1981இல் மீண்டும் திறந்தன. 1983இல் மொத்த வியாபாரத்துக்கு டாஸ்மாக் வந்தது. 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை; 1990-91இல் கொஞ்ச காலம் தளர்ந்து, மறுபடி வந்து இன்றுவரை நிற்கிறது. 2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடையையும் எடுத்துக்கொண்டது. இதில் வேடிக்கை, 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம்தான் இன்றும் நடைமுறையில் உள்ள சட்டம். 42.8 விற்பதும் அதன் கீழ்தான், 5 சதவீதக் கள்ளைத் தடுப்பதும் அதன் கீழ்தான்.

தடையின் இன்னொரு விளைவு மலைப்பக்கம் போனது. ஜவ்வாது மலை, பேர்ணாம்பட்டுப் பக்கத்துக் காடுகளில் சாராய ஊறல் அழிப்பு என்ற செய்தி இன்னமும் வருகிறது. வெள்வேலம் பட்டை போட்டு வடிப்பதால் பட்டைச் சாராயம். வேலூர் என்ற பெயருக்கே வேலமரத்தைக் காரணம் சொல்கிறவர்கள் உண்டு. பல்லி போட்டான், பேட்டரி போட்டான், அதனால் செத்தார்கள் என்று பேசிக்கொள்வதை நம்ப வேண்டாம். கொத்துக் கொத்தாகச் சாவு நடந்த இடங்களில், 2024இல் கள்ளக்குறிச்சியிலும்கூட, கொன்றது தொழிற்சாலை மெத்தனால். உடம்பில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை முதலில் பிடிக்கும். குடித்தவுடன் ஒன்றும் தெரியாது; பல மணி நேரம் கழித்துத்தான் பார்வை மங்கும், வயிறு புரட்டும். தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்கவைப்பதுதான் பெரிய தப்பு. டயாலிசிஸ் உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும். நேரத்துக்குப் போனால் பிழைக்க வழி உண்டு.

பனை இன்று மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஏறத்தான் ஆள் இல்லை. மாசியிலிருந்து ஆனி வரை விடியற்காலையில் சாலை ஓரத்தில் பதநீர்ப் பானையோடு சிலர் உட்கார்ந்திருப்பார்கள். வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. எட்டு மணிக்குள் போங்கள். பானையைக் குலுக்கச் சொல்லாதீர்கள். சுண்ணாம்பு அடியில் தங்கியிருக்கும், மேலாக மொண்டு துணியில் வடிகட்டித் தரச் சொல்லுங்கள். லேசான சுண்ணாம்பு வாசனை இருந்தால் நல்ல அறிகுறி. வாசனையே இல்லாமல் வெறும் இனிப்பாக இருந்தால் சர்க்கரைத் தண்ணீராக இருக்கலாம். நுங்குச் சுளையைக் கிள்ளிப் போட்டு ஓலைப் பட்டையில் குடிப்பது ருசி. வீட்டுக்கு வாங்கினால் வாய் அகன்ற பாத்திரத்தில் வாங்கி நேராக ஃபிரிட்ஜில் வையுங்கள், இறுக்கி மூடாதீர்கள். வழியில் டீக்கடை, மார்க்கெட் என்று சுற்றிவிட்டுப் பத்து மணிக்கு மேல் வீடு சேர்ந்து, திறந்தால் பொடி நுரை ஏறிக்கொண்டிருக்கிறதென்றால், உங்கள் கையில் இருப்பதற்கு 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் பெயர் வேறு. ஆப்ப மாவில் ஊற்றிவிடுங்கள்.